பிளாஸ்திரிக்காரி கூவிய பெயர்

நோல்ஃபாவைப் புதைத்த அன்று, அவளைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்று பாதிரியார் கேட்டார். டிரைவர்கள், பேருந்தில் ஏறிச் சாமான் விற்கிறவர்கள், டிப்போ மெக்கானிக்குகள் என்று பெரிய கூட்டம் நின்றோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவள் இருந்தவரை எங்களைப் பேசவிட்டிருந்தால்தானே பழக்கம் வந்திருக்கும்! கடைசியில் பாதிரியாரே ஏதோ பொதுவாகச் சொல்லி முடித்தார். சாந்தமானவள் என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாந்தமாம்!

அவருக்கு என்ன தெரியும்? நான் சொல்கிறேன். சாந்தியாகோ நகரத்தின் நடுவிலிருந்து தெற்குக் கோடி வரைக்கும் போகிற பேருந்தை, இடுப்பு தேயும் வரை ஓட்டியவன் நான். டிக்கெட் கிழிப்பது, சில்லறை கொடுப்பது, கதவைத் திறப்பது, திட்டு வாங்குவது எல்லாம் டிரைவர் வேலைதான். இத்தனைக்கும் நடுவில் நோல்ஃபா ஏறுவாள். கழுத்தில் ஒரு தட்டு தொங்கும். அதில் பிளாஸ்திரி, சீப்பு, ஊசி.

அவள் பிறந்தது தெற்கே நிலக்கரிச் சுரங்க ஊரில். அப்பன் கடலுக்கு அடியில் கரி வெட்டி வெட்டிக் காது போனவன். அந்த வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். அந்தக் குரலோடு சின்ன வயதில் தலைநகரத்துக்கு வீட்டு வேலைக்கு வந்தாள். காப்பி வருவதற்கு முன்னால் உன் குரல் வந்துவிடுகிறது என்று எஜமானி அம்மாள் துரத்திவிட்டாள். கட்டிக்கொண்டவன் வேலை தேடி மலைக்கு அந்தப் பக்கம் அர்ஜென்டினா போனான், போனவன் போனவன்தான். பிள்ளை குட்டி இல்லை. மிச்சம் இருந்தது குரல் மட்டும். அதை வைத்துப் பிழைத்தாள்.

"ஐயாமாரே, அம்மாமாரே! தொந்தரவுக்கு மன்னிக்கணும். தூங்குறவங்க தூங்கலாம், காசு வச்சிருக்கவங்க மட்டும் முழிச்சுக்கிட்டா போதும். செருப்பு கடிச்சாலும் பிளாஸ்திரி, மாமியா கடிச்சாலும் பிளாஸ்திரி!"

தினமும் இதே பாட்டுதான். தினமும் யாராவது சிரிப்பார்கள்.

"ஏம்மா, இது என் பஸ்ஸா, உன் சந்தையா?" என்று நான் எரிந்து விழுவேன்.

"உங்க பஸ்ஸுதான் அண்ணே. அதான் இப்படி ஆடி அசைஞ்சு போகுது" என்பாள்.

ராணுவ ஆட்சி நடந்த வருடங்கள் அவை. பெரும்பாலான மாணவர்களைப் போலீஸ் பிடித்தால் ஸ்டேஷனில் வைக்கும், அடிக்கும், பிறகு விடும். அது ஒரு கதை. சிலரை நம்பர் இல்லாத காரில் வந்து, சீருடை இல்லாதவர்கள் தூக்கிப்போவார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று எவனுக்கும் தெரியாது. கேட்டால் அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவே இல்லை என்று பதில் வரும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. இழுத்துப் போகிறபோது 'காப்பாத்துங்க' என்று கத்திப் பிரயோசனம் இல்லை. பெயரைக் கத்த வேண்டும். கேட்டவர்கள் அதை நினைவில் வைத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பெயர் தெருவில் விழுந்துவிட்டால், 'எங்களிடம் இல்லை' என்று சொல்வது அவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம். அந்தக் கொஞ்சக் கஷ்டத்தில்தான் பல உயிர்கள் தப்பின.

ஜூலை பதினாறு, கார்மென் மாதாவின் நாள். கார்மென் என்று பெயர் வைத்த பெண்களுக்கெல்லாம் அன்றைக்குக் கொண்டாட்டம். பிறந்த நாளை மறந்தால்கூட மன்னிப்பார்கள், பெயர் நாளை மறந்தால் சும்மா விடமாட்டார்கள். அன்று மத்தியானம் நடு நகரத்தில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் என் பேருந்தில் ஏறினான். இரண்டு கையாலும் ஒரு கேக் பெட்டியைப் பிடித்திருந்ததால் பையிலிருந்து காசை எடுக்க முடியாமல் தவித்தான். பெட்டி மூடியின் செல்லோபேன் வழியாக 'கார்மென்' என்ற எழுத்து தெரிந்தது.

"கடைசி ஸ்டாப் வரைக்கும் போகுமாண்ணே?" என்று கேட்டான்.

"வண்டி மனசு வச்சா போகும்" என்றேன்.

நோல்ஃபா விடுவாளா? "யாரு தம்பி அந்தக் கார்மென்? காதலியா?"

பையனுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அதைவிடக் கண்டிப்பானவங்கக்கா" என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த திருப்பத்தில் நம்பர் இல்லாத கார் ஒன்று குறுக்கே வந்து நின்றது. நான் பிரேக் போட்டதும் என் கண்ணாடியை நோக்கி ஒருவன் துப்பாக்கியை நீட்டினான். மற்ற மூன்று பேர் ஏறி நேராகப் பையனிடம் போனார்கள். அவன் முதலில் செய்த காரியம், கேக் பெட்டியை நோல்ஃபாவின் கையில் திணித்தது. பிறகு அவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுக்க இழுக்கக் கத்தினான்.

"மார்செலோ ரிஃபோ! பல்கலைக்கழக மாணவன்! மார்செலோ ரிஃபோ!"

கார் கதவைச் சாத்தினார்கள். நோல்ஃபா கேக்கைப் பிடித்தபடி நின்றாள்.

"வண்டியை எடுங்கண்ணே" என்றாள். "நான் அடுத்த பஸ்ஸுக்கு மாறணும்."

அன்று பொழுது சாயும் வரை ஒவ்வொரு பேருந்தாக ஏறி இறங்கினாள். பாட்டு அதேதான். "செருப்பு கடிச்சா பிளாஸ்திரி. மார்செலோ ரிஃபோன்னு ஒரு மாணவனை, கண்ணாடி போட்ட பையனை, பஸ்ஸுல இருந்து இழுத்துட்டுப் போயிருக்காங்க. தெரிஞ்சவங்க அவங்க வீட்டுல சொல்லிடுங்க. மாமியா கடிச்சாலும் பிளாஸ்திரி!"

திரும்ப என் வண்டியில் ஏறியபோது அவளைக் கடிந்துகொண்டேன். "உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? பின் சீட்டுல எவன் உட்கார்ந்து காது கொடுக்கிறான்னு தெரியுமா?"

"எவனா இருந்தா என்ன, அவனுக்கும் செருப்பு கடிக்கும்ல?" என்றாள். கேக்கை டிப்போவில் இருந்த குளிர்பெட்டியில் வைக்கச் சொன்னாள். "எவனாவது தொட்டீங்க, கையை ஒடிச்சுடுவேன்."

மறுநாள் காலை, தேவாலயத்தில் இந்த மாதிரி வழக்குகளுக்காக உட்கார்ந்திருந்த வக்கீல் அம்மாவிடம் போனாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். ஆளைக் கோர்ட்டுக்கு முன்னால் கொண்டுவந்து காட்டச் சொல்லி வக்கீல் மனுப் போட்டார். பதில் வந்தது. நாங்கள் திரும்பப் போனபோது வக்கீலின் முகமே சரியில்லை.

"அப்படி ஒருத்தரைப் பிடிக்கவே இல்லைங்கிறாங்க. மார்செலோ ரிஃபோன்னு அந்த வயசுல ஒரு ஆளே நாட்டுல பதிவாகலையாம்."

"புளுகுறானுங்க!" என்று நோல்ஃபா கத்தியதில் பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்லம்மா. பல்கலைக்கழகத்துலயும் கேட்டுட்டேன். அந்தப் பேர்ல மாணவனே இல்ல. இந்த ஒரு தடவை அவங்க புளுகல."

பிறகுதான் விளங்கியது. தடை செய்த மாணவர் சங்கத்தில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குள் வேறு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பிடிபட்டால் அடி தாங்காமல் மற்றவன் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக. மாதக்கணக்கில் அந்தப் பெயரிலேயே கூப்பிட்டு, அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்துப் பழகியவன், உயிர் போகிற நேரத்தில் வாயில் வந்ததைக் கத்திவிட்டான். அடப்பாவி! கத்த வேண்டியதை விட்டுவிட்டுக் கத்தக் கூடாததைக் கத்தியிருக்கிறான்.

"பேரில்லாம மனு வாங்கமாட்டாங்க" என்றார் வக்கீல். "இவன் பின்னால தேடி வர ஒரு அம்மா இல்லன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா, அப்புறம் அவங்க யாருக்குப் பயப்படணும்? சீக்கிரம் வீட்டைக் கண்டுபிடிங்க. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

டிப்போவுக்குத் திரும்பியபோது மெக்கானிக் ஒருவன் குளிர்பெட்டியைத் திறந்து கத்தியோடு நின்றுகொண்டிருந்தான். "கெட்டுப்போகப் போகுதுக்கா..." என்று இழுத்தான். நோல்ஃபா போட்ட சத்தத்தில் கத்தியைக் கீழே போட்டான். அது ஆயிரம் அடுக்குக் கேக். நடுவில் சுண்டக் காய்ச்சிய பால் இனிப்பு தடவியது. எங்கள் ஊரில் ஜூலை குளிர்காலம், அவ்வளவு சீக்கிரம் கெடாது. பெட்டியை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அவன் எங்கே இறங்கணும்னு கேட்டான்?"

"கடைசி ஸ்டாப்."

"கடைசி ஸ்டாப்ல ஒரு கண்டிப்பான கார்மென் இருக்கா" என்றாள்.

அன்றிலிருந்து என் தடத்தை விட்டு அவள் நகரவில்லை. பகலில் தட்டின் மேல் கேக் பெட்டி, ராத்திரி அது டிப்போ குளிர்பெட்டிக்குள். "ஐயாமாரே, அம்மாமாரே! கண்ணாடி போட்ட ஒரு ஒல்லிப் பையன் கார்மென் நாளுக்கு வாங்கின கேக் இது. பையனைக் கொண்டுபோயிட்டாங்க. கேக்கு என் கையில நிக்குது. எந்தக் கார்மென் வீட்டுக்கு இன்னும் கேக் வரல?"

எங்கள் ஊரில் கார்மெனைத் தேடுவதா! பேருந்துக்கு ஐந்தாறு கார்மென் இருப்பார்கள். 'நான் கார்மென்தான், ஆனா எனக்கு மகனே இல்லையே' என்பாள் ஒருத்தி. 'என் மகன் கேக் வாங்குற ஜாதியில்ல, நான்தான் அவனுக்கு வாங்கிப் போடணும்' என்பாள் இன்னொருத்தி. எண்பது வயசுக் கார்மென் ஒருத்தி, எனக்குக் காதலன் இருந்தா அனுப்பிவிடு என்று சொல்லி வண்டியையே சிரிக்க வைத்தாள். சிரித்து முடித்த பிறகு எல்லாரும் பெட்டியைப் பார்ப்பார்கள். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். எந்தக் கார்மெனும் அவன் கார்மென் இல்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது. அவனை என்ன செய்கிறார்களோ என்று நோல்ஃபாவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் வண்டி நிறைய ஆள். நோல்ஃபா கூவி முடித்ததும் வழக்கம்போல எல்லாத் தலைகளும் கேக்கை நோக்கித் திரும்பின. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தலை திரும்பவில்லை. முன்பக்கம் உட்கார்ந்திருந்த கறுப்புக் கோட்டுக்கார அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்ப்பதற்கு ஒரு தொழிற்சாலைச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை.

நோல்ஃபாவும் பார்த்துவிட்டாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினாள். எனக்கு நேர் பின்னால் இரண்டாவது வரிசை என்பதால் எல்லாம் கேட்டது.

"பிளாஸ்திரி வாங்குங்கம்மா."

"வேண்டாம்."

"ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாத் தேடிட்டு வர்றீங்கல்ல?"

அந்த அம்மா கோட்டுக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"பேரைச் சொல்லுங்க. எனக்கு மட்டும் சொன்னாப் போதும். வக்கீல் காத்துக்கிட்டிருக்காங்க."

அந்த அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினார். "பேரைச் சொன்னா என் வீட்டுக்கு வருவாங்க. வீட்டுல எனக்குப் பொண்ணு இருக்கா. இதே மாதிரி ராணுவம் வந்த முதல் வருஷம் என் வீட்டுக்காரரைக் கொண்டுபோனாங்க. நான் கத்தாத வாசல் இல்ல. என்ன கிடைச்சது? நீ கத்து, கத்துன்னு சுலபமாச் சொல்லிடுவே. உனக்குப் பிள்ளை இருக்கா?"

"இல்ல" என்றாள் நோல்ஃபா.

"அப்போ உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதுதான்மா."

இன்னும் நாலு ஸ்டாப் போனால் அந்த அம்மா இறங்கிவிடுவார். அவர் சொன்னதில் எதுவும் தப்பில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது. நோல்ஃபா எப்போதும் பதில் தயாராக வைத்திருப்பவள். இப்போது ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்போ நீங்க கத்துனீங்களே, உங்க கூட யாரு கத்துனா?"

அந்த அம்மா முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "யாருமில்ல. எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டாங்க."

"இப்ப ஒரு பஸ்ஸே இருக்கும்மா" என்றாள் நோல்ஃபா.

அந்த அம்மா நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன். அது நிறுத்தம் இல்லாத இடம், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மா முன் சீட்டின் கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"என் பேரு கார்மென் கராய்" என்றார். பின் வரிசைக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "கார்மென் கராய். என் மகன் நிபால்தோ இனோஸ்த்ரோசா கராய். வாத்தியார் வேலைக்குப் படிக்கிறான். பதினாறாம் தேதி எனக்குக் கேக் வாங்கிட்டு வந்த பையனைப் பிடிச்சுட்டுப் போயிருக்காங்க."

யாரோ ஒரு மேஸ்திரி, சிமெண்டு அப்பிய சட்டையோடு பின்னால் நின்றவர், "நிபால்தோ இனோஸ்த்ரோசா கராய்" என்று திருப்பிச் சொன்னார். சரியாகச் சொல்கிறேனா என்று கேட்பது போல. பிறகு ஒரு நர்ஸ் சொன்னாள். பிறகு எல்லாரும். நானும் சொன்னேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

நோல்ஃபா கேக்கை அந்த அம்மாவின் மடியில் வைத்தாள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோவார் என்று நினைத்தேன். "இத்தனை பேர் வாய் அவன் பேரைச் சொல்லியிருக்கு. சும்மா அனுப்பக் கூடாது" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார். கத்திக்கு எங்கே போவது? நோல்ஃபா தன் தட்டிலிருந்து புதுச் சீப்பு ஒன்றை எடுத்து அதன் முதுகால் வெட்டினாள். ஆளுக்கு விரலளவு வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கியவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு, பெயரை முணுமுணுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

அன்றே வக்கீல் புது மனுவை எழுதினார். கார்மென் அம்மா கையெழுத்துப் போட்டார். மறுநாள் எங்கள் தடத்தில் ஏறிய எல்லா வியாபாரிகளும், ஐஸ்கிரீம்காரன் முதல் பென்சில்காரன் வரை, அந்தப் பெயரையும் சேர்த்தே கூவினார்கள். ஒரு வானொலியிலும் சொன்னார்கள். அந்த அம்மா பயந்த மாதிரியே அவர் வீட்டுக்குச் சீருடை இல்லாதவர்கள் வந்தார்கள். அலமாரியை உடைத்தார்கள், மெத்தையைக் கிழித்தார்கள். பெண்ணை அதற்குள் சித்தி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வாசலில் வக்கீலும் தெருக்காரர்களும் நின்றிருந்தார்கள். அடுத்த வாரம் அரசாங்கம், ஆமாம், அப்படி ஒருவன் எங்களிடம் இருக்கிறான் என்று ஒப்புக்கொண்டு அவனை ஊரறிந்த ஜெயிலுக்கு மாற்றியது. அம்மா போய்ப் பார்க்கலாம், சாப்பாடு கொடுக்கலாம். வலது கையை அவனால் தூக்க முடியவில்லை. ஆனால் இருந்தான்.

வசந்தம் போய்க் கோடை வந்தபோது விடுதலையாகி, ஒரு நாள் என் வண்டியில் ஏறினான் நிபால்தோ. முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டிக்கெட்டுக்கு இடது கையால் காசு கொடுத்தான். நோல்ஃபா 'மாமியா கடிச்சாலும்' வரைக்கும் வந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் பாட்டு நின்றது. தட்டைத் தள்ளிவிட்டுக் கட்டிக்கொள்ளப் போனாள்.

அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். "உங்களை யாரு என் பேரைக் கூவச் சொன்னது?" என்றான்.

நீட்டிய கையை அவள் மடக்கிக்கொண்டாள்.

"உள்ளே ஒரே கேள்விதான் கேட்டாங்க. உன் பேரு என்ன, உன் பேரு என்ன. வாய் தவறிக் கத்தினதுதான் மார்செலோங்கிற பேரு, ஆனா அதையே பிடிச்சுக்கிட்டேன். அம்மாவையும் தங்கச்சியையும் தொடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். ஒரு நாள் ஒருத்தன் வந்து சிரிச்சுக்கிட்டே என் முழுப் பேரைச் சொன்னான். பஸ்ஸுல பிளாஸ்திரி விக்கிறவ கூவிக்கிட்டிருக்கான்னான். அன்னைக்குத்தான் நான் அழுதேன். அடிச்சப்போ அழல, அன்னைக்கு அழுதேன். நான் உசிரைக் கொடுத்துக் காப்பாத்தின பேரை நீங்க சீப்போட சேர்த்து வித்துட்டீங்க!"

வண்டியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நன்றி கெட்டவனே, இறங்கு கீழே என்று சொல்ல வாயெடுத்தேன். நோல்ஃபா கையைக் காட்டி என்னை அடக்கினாள்.

"திட்டு தம்பி" என்றாள். "நல்லாத் திட்டு. உனக்கப்புறம் எத்தனையோ பிள்ளைங்க பேரை இந்தத் தடத்துல கூவியிருக்கேன். ஒருத்தன் திரும்பி வந்து என்னைத் திட்டினதில்ல. நீ ஒருத்தன்தான் வந்திருக்கே."

உட்கார இடம் இருந்தும் அவன் உட்காரவில்லை. அவள் பக்கத்திலேயே, நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடைசி ஸ்டாப் வரைக்கும் நின்றபடி வந்தான்.